தோள் உயரத்தில்

மூடிப்போன கேம் சென்டரிலிருந்து
எடைக்குப் போகவிருந்ததை
ஆயிரத்து இருநூறுக்கு வாங்கினோம்.
மூன்று கண் கருவி, ஒன்றில் கீறல்.
அழகாபுரத்து மாடி அறையில்
மாம்பழப் பெட்டிமேல் உட்காரவைத்தோம்.

எங்களுக்கு வேண்டிய கண் நிறம் பார்க்காது,
தூரம் மட்டும்.
கதவு இரண்டாயிரத்து எழுநூறு மில்லிமீட்டர்.
தில்ஷாத் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
அவள் கறுப்புத் துப்பட்டா எந்தத் தூரத்திலும் இல்லை;
தோளிலிருந்து இடுப்புவரை ஓர் ஓட்டை.
"நாளைக்கு மஞ்சள் போட்டுட்டு வர்றேன்."

சேலத்து வெயில் ஜன்னலேறினால்
கருவிக்குக் கண் கூசும்.
போர்வையை ஆணியடித்தோம்.
ஃபேன் காற்றில் அசைந்த போர்வையையும்
கை என்று எண்ணி
விடியவிடியக் கிறுக்கிக்கொண்டிருந்தது.

விரலைப் பிடித்தது பதினோராம் நாள்.
கோடு நடுங்கியது.
ஐந்தைந்து புள்ளியாகச் சராசரி எடுத்தேன்.
நடுக்கம் நின்றது, ஆனால்
கை போய் வெகுநேரம் கழித்துக் கோடு வந்தது,
கூப்பிட்டால் யோசித்து எழுந்து வருகிறவனைப்போல.
மூன்றாகக் குறைத்தேன்.
கொஞ்சம் நடுங்கட்டும், கைதானே.

தில்ஷாத் முதலில் வரைந்தது ஒரு வட்டம்.
தட்டுவடை என்றாள். பசித்திருந்தோம்.
டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றிவந்தேன்:
பக்கவாட்டில் வெறும் கோடு,
முட்டி போட்டுக் கீழிருந்து பார்த்தால் மறுபடி வட்டம்,
ட்யூப்லைட்டை நடுவில் வைத்து.

வாடகைக்கு வந்த அர்த்தநாரி
செருப்போடு தட்டுவடைக்குள் நின்றார்.
"என்னங்க, சும்மா கையை ஆட்டிக்கிட்டு?"
ஒரு கையில் டேப்லெட்டைக் கொடுத்தோம்.
மறுகை விரலை நீட்டினார்.
பிள்ளையார் சுழி போடுவார் என்று நினைத்தேன்.
கதவோரம் தொடங்கி
ஜன்னல்வரை நேராக நடந்தார்,
விரலை இறக்கவே இல்லை.
"இங்க ஒரு செவுரு வெச்சா
ரெண்டு குடித்தனம் விட்றலாம்ங்க."
தோள் உயரத்தில் ஒரு கோடு.
துளி நடுக்கம் இல்லை.

கோப்புக்குப் பெயர் கேட்டது.
சுவர் என்று கொடுத்தேன்.

அன்று ஏழு மணிக்கு மின்சாரம் போனது.
கருவியின் சின்னப் பச்சை விளக்கும் அணைந்தது.
தண்ணீர் பாட்டில் அந்தப் பக்கம்.
எடுத்துக்கொண்டு திரும்பிய தில்ஷாத்
அறை நடுவில் லேசாகக் குனிந்து வந்தாள்.
சிரிக்க வாயெடுத்தேன்.
பாட்டிலை வாங்க நீட்டியிருந்த என் கையும்
இடுப்பளவுக்குத் தாழ்ந்துதான் இருந்தது.