ஒரு விரற்கடை

கிளைப்பேடாவில் நாலாம் மாடி.
சோவியத் காலத்துச் சுவர். ஆணியே இறங்காது,
அலையா இறங்கும்?
அடுக்களை மேசையில் மகனின் முகம்
வாய் திறந்தபடி உறைந்து நிற்கும்;
பெர்கனிலிருந்து என்ன சொல்ல வந்தானோ.

ஞாயிறு, குடித்து முடித்த பீர் டின்னின்
அடியை வெட்டி, விலாவைப் பிளந்து
ரவுட்டர் கொம்புக்குப் பின்னால்
கப்பல் பாய்போல் விரித்து நிறுத்தினேன்.
கட்டைவிரலில் ஒரு கீறல். செலவு அவ்வளவுதான்.

இரண்டு கோடு நாலானது.
மகன் மென்றான், விழுங்கினான்,
"முடி வெட்டினாயா அம்மா?" என்றான்.
வெட்டி மூன்று வாரம்.

ஒன்பது மணிக்குக் கதவில் தட்டல்.
பின்சுவருக்கு அந்தப்பக்கத்து ஜிக்மாஸ்.
கையில் ஒரு ஜாடி ஊறவைத்த வெள்ளரி,
கண் என் செருப்பில்.
"இணையம்... உங்களுக்கும் இல்லையா?"

கடவுச்சொல்லை நான் யாருக்கும் சொன்னதில்லை.
ஜாடியை வாங்கிக்கொண்டேன்.
டின்னை ஒரு விரற்கடை
திருப்பிவைத்தேன்.