காத்து எடுக்கிறது

எண்பத்தெட்டாம் ஆண்டு ஹைலக்ஸ்.
பாசையூர்க் கரையில நிக்கேக்க
எல்லாரும் ஒருக்காக் குனிஞ்சு அடியைப் பாப்பினம்,
பிறகு என்னைப் பாப்பினம்.
பொஸ்கோ மச்சான் மட்டும் வாய் திறந்து சொன்னவர்:
"உது ஒரு சதத்துக்கும் உதவாது, ரெஜினா.
இரும்புக்காரனுக்குத் தள்ளு."

தள்ளேல்லை.
மீன்தண்ணி திண்ட தளத்துக்கு
வள்ளம் ஒட்டுற பைபரும் ரெசினும் வாங்கி
மூண்டு படை ஒட்டினன்.
ஒட்டின கை ரண்டு நாள் கடிச்சது.
இப்ப பின்பக்கம் ஒரு சின்ன வள்ளம்தான்.
ஐஸ் உருகினா வெளியேற
ரண்டு மூலையிலயும் துளை போட்டு
பழைய ரியூப்பை நாக்கு மாதிரி வெட்டித் தொங்கவிட்டிருக்கு.
டீசலில தண்ணி பிரிக்கிற கிண்ணம்
வள்ளம் தாண்டுபோன ஒருத்தரின்ர.
விலை பேசி முடியுமட்டும்
அவர் கடலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர்.

கதவைத் தேய்ச்ச நாளில
வெள்ளைக்குக் கீழ நீலம்,
நீலத்துக்குக் கீழ ஒரு பச்சை.
அதோட அரத்தாளை வைச்சிட்டன்.
கதவுதானே. பூட்டினாக் காணும்.

ஆனா காலமையில எழும்பாது.
இரவிரவா எங்கயோ ஒரு மயிரிழையால
காத்தைக் குடிச்சிட்டுக் கிடக்கும்.
பில்டர் மாத்தினன். ஓஸ் மாத்தினன்.
கிளிப்புக்கு மேல கிளிப்பு.
கைப்பம்பை அமத்த அமத்த
நுரை, நுரை, பியர்ப் போத்தில் மாதிரி.

நேற்றிரவு, நாலு மணி ஏலத்துக்கு
மூண்டு மணித்தியாலம் கிடக்க
பம்புக்கு வாற லைன்ர போல்ட்டைக் கழட்டினன்.
மேல் வாசர் செம்பு.
கீழ் வாசர் வேற நிறம்.
சட்டை நுனியில துடைச்சு ரோச் அடிக்க
விளிம்பில மரத்தின்ர ரண்டு ஓலை,
பத்தொன்பது எண்டு ஒரு வருசத்தின்ர முன்பாதி.
மிச்சம் துளைக்குள்ள போச்சு.
ஆரோ ஒருத்தன், இல்லாட்டி ஒருத்தி,
சாமான் வராத காலத்தில
ஒரு சதத்தை நடுவில துளைச்சு
இதில இறுக்கிப்போட்டு ஓடியிருக்கு.
எங்க ஓடினவை எண்டு
போல்ட்டுக்குத் தெரியாது.
ஒரு பக்கம் நகக்கீறல் அளவு கோடு.
அதாலதான் காத்து.

ஸ்ரான்லி றோட்டுக் கடை ஒன்பதுக்குத்தான் திறப்பினம்.
உண்டியலைக் கொட்டினன்:
பத்து ரூபாய், பத்து ரூபாய், இருபது.
எல்லாம் உருக்கு.
எவ்வளவு இறுக்கினாலும் நசிஞ்சு குடுக்காது.

மிஞ்சின சொதிச் சட்டியை இறக்கி வைச்சிட்டு
அந்தச் சதத்தையே காஸ் அடுப்பில பிடிச்சன்.
குறட்டு நுனியில கறுத்து, சிவந்து,
தண்ணிக்க போட ஸ்ஸ் எண்டது.
கண்ணாடித் துண்டில அரத்தாள் விரிச்சு
எட்டு எழுதுற மாதிரித் தேய்ச்சன்.
கீறலோட ஒரு ஓலையும் போச்சு.

கொன்ஸி திறப்போட உள்ளுக்க.
"வெடிக்குமோ மச்சாள்?"
"வெடிச்சாத்தான் ஓடும். சுத்து."
நாலு நொசில் நட்டையும் இளக்கிவிட்டு
ஒண்டொண்டாப் பாத்தன்:
நுரை, துப்பல், பிறகு நேர் டீசல்.
இறுக்கு. அடுத்தது.
மூண்டாவதை இறுக்கேக்கயே ஒரு இருமல்.
மதிலுக்கங்கால நாய் எழும்பினது,
புகை வாழைக்குள்ள போனது,
முழு வண்டியும் ஒருக்காத் தோளைக் குலுக்கினது.
நாலாவதை இறுக்க மறந்து
முழங்கைமட்டும் டீசல்.

ஏலத்துக்குப் பிந்தித்தான் போனன்.
பாரை முடிஞ்சுது. திரளி கிடந்தது.
"எவ்வளவு முடிஞ்சது?" எண்டார் பொஸ்கோ மச்சான்.
"ஒரு சதம்."
பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சவர்.
பிறகு வழக்கம்போலக் குனிஞ்சு அடியைப் பாத்தவர்.

பெட்டிகளை ஏத்தி வெளிக்கிட்டன்.
ரண்டாம் கியர் இன்னும் துள்ளி வெளியில வருது.
பண்ணை மட்டும்
ஒரு கை அதுக்கு மேலதான்.