பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லவும்

நெப்ராஸ்காவில் மேலவை கிடையாது.
ஒரே அவை, நாற்பத்தொன்பது பேர்,
வாக்குச்சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் கட்சி வராது.
ஈஜிபுராவில், மாடி வீட்டில், இரவு ஒன்றரைக்கு
இதெல்லாம் எனக்கு அத்துப்படி.
எங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் யாரென்று கேட்காதீர்கள்.
ஐந்து வருஷமாக அப்படியொருவர் இல்லை.

ஒலி நிமிடத்துக்கு ஏழு ரூபாய்.
கமிட்டி விசாரணை என்றால் எட்டு,
ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிக்கொள்வதால்.

சாட்சி சொல்ல வருபவர் யாரானாலும்
முதலில் பெயர், பிறகு அதை எழுத்தெழுத்தாக.
விவசாயி, வங்கி வக்கீல், கிணற்று மீட்டர் விற்பவர்,
எல்லோரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்போல.
எச், ஏ, வி, எல், ஐ, சி, இ, கே.
ஹாவ்லிசெக்.
பச்சை விளக்கு எரிந்திருக்கும்.
மஞ்சளானால் ஒரு நிமிடம் மிச்சம்.
விளக்கை நான் பார்த்ததில்லை,
குரல் செருப்பைத் தேடும்போது தெரிந்துகொள்வேன்.

அவர்கள் சட்டசபைக் கோபுரத்தின் உச்சியில்
வெண்கலத்தில் ஒருவன் விதைத்துக்கொண்டே நிற்கிறான்.
எங்கள் விதான சௌதாவின் நெற்றியில்
அரசாங்க வேலை ஆண்டவன் வேலை என்று எழுதியிருக்கிறது.
இரண்டு இடத்திலும் குழாயில் தண்ணீர் வருமென்று நம்புகிறேன்.

ரிபப்ளிகன் ஆறு என்றார்.
கட்சியைச் சொல்கிறாரோ என்று நிறுத்தித் தேடினேன்.
பாவ்னி மக்களில் ஒரு கூட்டத்தைப்
பிரெஞ்சு வியாபாரிகள் அப்படி அழைத்தார்களாம்.
பிறகு அந்த மக்களைத் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குத்
தள்ளிவிட்டார்கள்.
ஆறு பெயரை வைத்துக்கொண்டது.

நாற்பத்து மூன்றில் ஒப்பந்தம்.
கொலராடோ உச்சியில், நெப்ராஸ்கா நடுவில்,
கான்சாஸ் கடைசியில்.
கடைசியில் இருப்பவன் உச்ச நீதிமன்றம் போனான்.
இந்தப் பத்திக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

நான் தங்கவயலில் பிறந்தவன்.
ஓட்டு, ரேஷன் கார்டு, படித்த பள்ளிக்கூடம் எல்லாம் கர்நாடகா.
வாக்காளர் பட்டியலில் மூன்று தேர்தலாக நான் பொஜிலன்.
இருந்தும் அந்தச் செப்டம்பரில்
மச்சானின் கிருஷ்ணகிரி டெம்போவை
எண்பலகையில் சேறப்பி, தார்ப்பாய் போர்த்தி
இரண்டு நாள் இந்தச் சந்தில் வைத்திருந்தேன்.
கீழ்வீட்டு நாகவேணி அக்கா
தன் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்திவிட்டு
போனில் கன்னடம் பேசு என்றார்.
அவ்வளவுதான் பேசினார்.

ஹாவ்லிசெக் சொன்னார்:
கீழே இருப்பவர்களை நான் பார்த்ததே இல்லை
என்று நினைத்தால் தப்பு, என் மனைவி கான்சாஸ்காரி.
அடைப்புக்குறிக்குள் சிரிப்பு என்று போட்டேன்.
சிரிப்புக்கு அடியில் இன்னும் ஏதோ சொன்னார்,
சிவப்பு வந்திருக்க வேண்டும், தலைவர் நன்றி கூறிவிட்டார்.
ஏழு முறை திருப்பிக் கேட்டேன்.
கிணறு என்னுடையதுதான், ஆனால்
அதற்குமேல் தெளிவில்லை.
பதினான்காம் நிமிடம், ஏழாம் நொடி.

நான்கு மணிக்கு மோட்டார் போட எழுந்தேன்.
தெரு தூங்கும் நேரம்,
காவிரி எங்கள் பொதுச் சம்ப்பில் வந்து சேர்ந்திருக்கும் நேரம்.
விழித்திருப்பவன் நான் ஒருவன்தான்.
நாலு வருஷமாக முதலில் நிறைவது என் டாங்க்.
இதை எங்கும் சொன்னதில்லை.
யாரும் கேட்டதும் இல்லை.

இன்று சுவிட்சில் கை வைத்தபோது
படிக்கட்டில் செருப்புச் சத்தம்.
நாகவேணி அக்கா, இடுப்பில் காலிக் குடம்.
தரையில் வைத்தார். கோபமாக இல்லை,
வெறும் பிளாஸ்டிக்குக்கு அந்தச் சத்தம் கொஞ்சம் அதிகம்.
ஹேளு, என்றார். சொல்லு.

பொழிலன், என்று ஆரம்பித்தேன், ஏனென்று தெரியவில்லை.
பி, ஓ, இஸட், எச்.
மேல் மாடி.