கை தவறிய ரொட்டி

அரைக் குளிசை, சாப்பாட்டோடு.
வெறும் வயிற்றில் வேண்டாமென்று
அட்டன் மிருக வைத்தியர் சிங்களத்தில் ஒருமுறை சொன்னார்,
என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் இன்னொருமுறை.

திக்கிரி நாலு கிலோ.
கொழுந்து மடுவத்துத் தராசில் வைத்திருந்தால்
தண்ணிக்கென்று ஒரு கிலோ கழித்து
மூன்று என்று எழுதியிருப்பார்கள்.

பேங்க் மாத்தயா மாற்றலாகிக் குருணாகல் போனபோது
நான் கூட்டித் துடைத்த அந்த வீட்டில் மிஞ்சியவை:
ஒரு நீல வாளி, கால் ஆடும் கதிரை, இது.
வாளியையும் இதையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.
சிங்களத்தில் கூப்பிட்டால் வாலாட்டும்,
தமிழில் கூப்பிட்டால் கொஞ்சம் யோசிக்கும்.
இடி எந்தப் பாஷையில் இடித்தாலும்
விறகுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து
நகத்தில் ரத்தம் வரும்வரை சீமெந்தைத் தோண்டும்.

இது ஐப்பசி.
இரண்டு மணிக்கெல்லாம் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறுகிறது,
மூன்று மணிக்கு எதிர்மலையில் யாரோ
தகரப் பீப்பாய்களை உருட்டிவிடுகிறார்கள்.

பிளேட்டால் நறுக்கியபோது
முதல் அரை அலுமாரிக்கடியில் பறந்தது.
இரண்டாவதை டின் மீனுக்குள் வைத்தேன்.
மீன் போயிற்று, குளிசை இருந்தது.
அவித்த முட்டையின் மஞ்சளுக்குள் வைத்தேன்.
நக்கித் துடைத்து
கழுவிக் கவிழ்த்த கோப்பைபோல்
கோப்பைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தது,
வெள்ளையாக, அரை நிலா.

மோட்சராஜ் பார்த்துக்கொண்டே இருந்தார்.
"நெஞ்சு வலின்னு போனா பெனடோல் ரெண்டு.
அட்டை கடிச்சி சீழ் வச்சாலும் பெனடோல் ரெண்டு.
நாயிக்குப் பயத்துக்குன்னு தனியா மருந்தா?"
ஒரு நாள் பேருக்கு மேல் விலை என்பதை
நான் சொல்லவேயில்லை.
அவர் சொன்னதிலும் பிழை இல்லை.

வெள்ளிக்கிழமை, தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும்.
அவர் கையிலிருந்து ஒரு துண்டு நழுவியது.
தரையைத் தொடும் முன்னே அதைக் காணவில்லை.

அப்போதுதான் விளங்கிற்று.
கொடுப்பதை முகர்ந்து பார்க்கும் நாய் இது,
தவறியதை அப்படியே நம்பும்.

அன்றிலிருந்து எனக்கு நடிப்பு வேலை.
சம்பல் படாத ஓரமாகப் பிய்த்து, குளிசையை உள்ளே உருட்டி,
வேறெங்கோ பார்த்தபடி கைநழுவ விட்டு
"ஐயோ" என்று சொல்லி
எடுக்கப் போவதுபோல் குனிய வேண்டும்.
ஐயோ சொல்லாவிட்டால் சந்தேகப்படும்.

ஒரு நாள் மண் விழுந்து பாதை மூடி
கடைசி பஸ்ஸும் பிந்திவிட்டது.
வழி முழுக்க மின்னல்.
நனைந்துகொண்டு உள்ளே வந்தால்
அடுப்படியில் அவர், திரும்பாமலே சொன்னார்:
"ரொட்டி ஒன்னு கை தவறிருச்சி."
பிளேட்டின் விளிம்பில் வெள்ளைத் தூள்.

இப்போது இடிக்கிறது, திக்கிரி தூங்குகிறது.
ஒரு காது மட்டும் துடித்து அடங்குகிறது.

போன வருடம் மேல் லயத்துக்குப் பின்னால் மண் வாய் பிளந்தபோது
முதலில் குரைத்தது இதுதான்.
சேலை நழுவ நழுவ, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு
எல்லோரும் கோயிலுக்கு ஓடினோம்.
பிறகு ஆபீஸ்காரர்கள் வந்து
சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு நம்பர் போட்டார்கள்.
நம்பர் இருக்கிறது. நாங்களும் இருக்கிறோம்.
வெடிப்பில் கானாந்தி முளைத்துவிட்டது.

பயப்படுகிறவரைத் தூங்க வைத்துவிட்டால்
வேறு யாராவது முழித்திருக்க வேண்டுமே.
அடையாள அட்டைகளும் பேர்த் துண்டுகளும் போட்ட பை
கதவாணியில் தொங்குகிறது. டோர்ச் மடியில்.

"தூங்கலியா?" இருட்டுக்குள்ளிருந்து அவர்.
"நீங்க?"

தகரத்தில் மழை விட்டு, சொட்டு மட்டும்.
திக்கிரி தூக்கத்தில் கால்களை உதறுகிறது,
துரத்துகிறதா, தப்பி ஓடுகிறதா, தெரியவில்லை.
பதினொரு அரை மிச்சம் இருக்கிறது.
கார்த்திகை இன்னும் வரவேயில்லை.