கீழே ஒரு துளை

ஞாயிறு முழுக்க
ஜெலுத்தோங் பிளாட்டின் மோட்டார் ஷெட்டில் குந்தியிருந்தேன்.
பின்தாங்கியில் பெயின்டைச் சுரண்டி
வெறும் இரும்பு பல்லைக் காட்டியதும்
அன்டெனாவை முறுக்கி நிறுத்தினேன்.
அரை மீட்டர் கம்பி.
ஐந்தாம் மாடி மிஸ்டர் கூய் சந்தைப் பையோடு நின்று
தூண்டிலா என்றார்.
ஆமாம் என்றேன்.
என்ன மாட்டும் என்று அவர் கேட்கவில்லை.

பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர்.
பியூஸ், பேட்டரியின் காதோரம்.
தள்ளி வைத்தால் என்னாகும் என்பதை
சீட்டின் அடியில் கருகிய
ஐம்பது சென் வட்டம் சொல்லும்.

ரேடியோவின் முகத்தைக் கழற்றி ஹேண்டிலில் கட்டினேன்.
உடல் பின்பெட்டிக்குள்,
விசாலி சம்பல் வைத்திருந்த டப்பாவில்.
நான்கு முறை கழுவினேன், எலுமிச்சை போட்டு ஒரு முறை.
பத்து வாட்டில் ஒரு நிமிடம் பேசினால்
சூடேறி பெலாச்சான் மணக்கிறது.
பத்துக்கு மேல் போவதில்லை,
போனால் ஹெட்லைட் தலையாட்டும்.
நூற்றுப்பத்து சிசி கப்சாய்க்கு அவ்வளவுதான் தெம்பு.

பினாங்கு மழைக்கு முன்னுரை கிடையாது.
அதனால் ரப்பர் டேப்.
இழுத்தால் தன்னோடு தானே ஒட்டும், வேறெதனோடும் ஒட்டாது,
என் பங்காளி வீட்டார் மாதிரி.
அதன்மேல் கறுப்பு டேப்.
அதன்மேல் சிலிக்கான், விரலால் தடவி.
மூன்று நாள் விரலில் வினிகர் வாடை.
கேபிள் நுழையும் ஓட்டை, திருகின் தலை, மூடியின் விளிம்பு,
எதையும் விடவில்லை.
எறும்பு கெஞ்சினாலும் வழி கிடையாது என்று
விசாலியிடம் பீற்றினேன்.
அவள் டப்பாவைப் பற்றித்தான் கேட்டாள்.

திங்கள் இரவு ரோட் பிளாக்கில்
போலீஸ்காரர் டார்ச்சைக் கம்பியின் உச்சிவரை ஏற்றி இறக்கினார்.
லைசென்ஸ் நீட்டினேன். படிக்கவில்லை.
யாரையாவது ஹலோ சொல்லச் சொல் என்றார்.
கூலிமிலிருந்து பஹார் சொன்னான்.
அவரும் குனிந்து ஹலோ சொன்னார்,
பித்தானை நான் அழுத்தாததால் எனக்கு மட்டும்.

புதன். பிறை ஃபேக்டரியில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து
பாதிப் பாலத்தில் வரும்போது
மழை பக்கவாட்டில் வந்தது, கடலே எழுந்து அறைவதுபோல்.
நைன் விஸ்கி டூ என்று தொடங்கினேன்.
"ஏகா, கிணத்துக்குள்ள இருந்தா பேசுற?" என்றான் பஹார்.
பிறகு அதுவும் இல்லை.
என் அடையாளத்தில் மூன்றெழுத்து மிச்சம்
தொண்டையிலேயே நின்றது.

வீட்டில் மூடியைத் திறந்தேன்.
மூலையில் ஒரு கரண்டி தண்ணீர்.
நகத்தால் கீறிப் பார்த்தேன்.
சிலிக்கான் உறுதி. டேப் உறுதி.
டார்ச்சை வாயில் கவ்வி ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

பேசியபோது டப்பா சூடாகியிருக்கிறது.
மழை பட்டதும் சட்டென்று குளிர்ந்திருக்கிறது.
குளிர்ந்த காற்று சுருங்கும், சுருங்கினால் இழுக்கும்.
எல்லா வாயையும் நான் பொத்தியிருந்ததால்
அன்டெனா அடியில் ஏதோ ஒரு மயிரிழை வழியே,
கேபிளின் செம்புப் பின்னலுக்குள்ளே,
திரியில் எண்ணெய் ஏறுவதுபோல்
மூச்சு மூச்சாகக் குடித்திருக்கிறது.

மறுநாள் வேலைக்குப் போகுமுன்
டப்பாவைக் கவிழ்த்து
அடியில் மூன்று மில்லிமீட்டர் டிரில்.
இத்தனை அடைத்த கை ஓட்டை போடக் கூசியது.
கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு மறுபடி மேலேற்றினேன்,
துளி வளைவின் அடியில் சொட்டிப் போகட்டும்.
டப்பா இனி எனக்குத் திரும்பாது, இல்லையா, என்றாள் விசாலி
ஓட்டை வழியே ஒரு கண்ணால் பார்த்து.

சனி இரவு. அதே பாலம். மழையும்.
ஒரெழுத்து விடாமல் சொல்லி முடித்தேன்.
பஹார் சற்று நேரம் பேசவில்லை.
"இப்ப மழை சத்தம்கூடக் கேக்குது," என்றான்.

திராட்டிலை முறுக்கினால் கூடவே ஏறி
விட்டால் இறங்கும் ஓர் இரைச்சல்,
பிளக்கிலிருந்து வருகிறது.
அது அவனுக்குக் கேட்கவில்லை.
எனக்குக் கேட்கிறது.
விடிந்தால் ஞாயிறு.