மஞ்சள் ஏறவில்லை

கோத்தகிரி ஒன்றிய அலுவலக மாடியில்
இரண்டு நாள் பயிற்சி.
டீ, வர்க்கி, ஒரு கோப்பு, ஒரு பேனா.
இருபத்தாறு தொட்டி ஆபரேட்டர்கள்,
பெண் என்று நானும் இன்னொருத்தியும்.

அவரவர் ஊர்த் தண்ணீரை
அரை லிட்டர் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.
பெள்ளி கொண்டுவந்தது பிராந்திக் குப்பியில்.
நாலு தடவை கழுவினேன் மேடம் என்றான்.
சிரிப்பு அடங்க நேரமானது.

குன்னூர் ஆய்வகத்து நூர்ஜஹான் மேடம்
ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் என்று
பலகையில் எழுதி அடிக்கோடிட்டார்.
எனக்குத் தெரிந்ததுதான்.
என்னுடையது முப்பதாயிரம் லிட்டர்.
தராசு தரவில்லை,
சத்துமாவு டப்பா மூடியால் நாலு மூடி என்று
ரேஷன் கடையில் நிறுத்து வைத்திருக்கிறேன்.
வாளியில் கரைத்து, தெளியவிட்டு,
மேல்தண்ணீரை மட்டும் ஏணியேறி ஊற்றி
அரை மணி நேரம் பொறுத்து
வால்வு திறக்கிறேன், ஆறு வருடமாக.
பதிவேட்டில் ஒரு டிக் விடுபட்டதில்லை.

கண்ணாடிக் குழாயில் தண்ணீர்.
அதில் ஐந்து சொட்டு மருந்து.
மஞ்சள் ஏற வேண்டும்.
பெள்ளியின் பிராந்திக் குப்பி
கோழிக்குஞ்சு நிறத்துக்கு வந்தது,
கொஞ்சம் குறை என்றார்கள்.
என்னுடையது
தண்ணீராகவே நின்றது.

நேற்றுப் பிடித்ததா?
இல்லை மேடம், காலை ஆறரைக்கு.
இன்னும் ஐந்து சொட்டு கேட்டேன், விட்டார்.
ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்தேன்.
இவ்வளவு தெளிந்த தண்ணீரை
அதற்குமுன் நான் வெறுத்ததில்லை.

மூட்டை எங்கே இருக்கிறது?
மோட்டார் ரூமில்.
வாய் கட்டியா?
ஐப்பசி மழைக்கு அங்கே
தீப்பெட்டி பற்றாது மேடம் என்றேன்,
சொல்லும்போதே விளங்கிவிட்டது.

கட்டிதட்டிப்போன பவுடரை
கல்லால் நுணுக்கித்தான் போட்டேன்.
மூக்கைப் பிடுங்கும் நெடி இல்லாததை
எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்தேன்.
லைன் வீடுகளிலும் அதைத்தான் சொன்னார்கள்:
"இப்பல்லாம் டீ நாறறதில்ல கனகேசு,
தண்ணி அருமை."
தீபாவளிக்கு ஒரு வீட்டில் முறுக்கு தந்தார்கள்.

மேடம் திட்டவில்லை.
அடுத்த தலைப்பை எழுதினார்,
தண்ணீரால் பரவும் நோய்கள்.
காலரா. டைபாய்டு.
மூன்றாவதற்கு சாக்பீஸ் ஒடிந்தது.
அவர் குனிந்து எடுப்பதற்குள்
நானே மனதில் எழுதி முடித்திருந்தேன்.

தை மாதம் எங்கள் லைனில் ஏழு பேருக்கு.
கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தோம்.
மேட்டுப்பாளையத்தில் குடித்த
கரும்புச்சாறுதான் என்று முடிவு செய்தோம்.
ஜெபராணி மகனின் இமையை
இந்த விரலால் இழுத்துப் பார்த்து
"லேசாத்தான் மஞ்சள் ஏறியிருக்கு" என்றவள் நான்.

மதியம் தக்காளிச் சோறு.
பெள்ளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
ஒரு வருடம் எங்கள் ஊருக்குப்
பவுடரே வரவில்லை, டிக் மட்டும் போட்டேன் என்றான்.
என்னைத் தேற்றினானா,
யாரிடமாவது இறக்கிவைக்க வேண்டியிருந்ததா
தெரியவில்லை.
ஊறுகாயை என் இலைக்குத் தள்ளினான்.

சான்றிதழில் என் பெயர் கனகேஸ்வரன்.
மாற்றித் தருவதாகச் சொன்னார்கள்.

புது மூட்டையை
மூடி திருகும் நீல டிரம்மில் கொட்டி
செங்கல் மேல் ஏற்றினேன்.
பழையதைக் குழி தோண்டிப் புதைத்தேன்.
மறுநாள் காலை
கண்ணாடிக் குழாயோடு லைனின் கடைசி வீட்டுக்குப் போனேன்,
கடைசி வீடு ஜெபராணியுடையது.
ஐந்து சொட்டு.
எலுமிச்சைத் தோலின் உள்பக்கம் போல
ஒரு வெளிறிய மஞ்சள்.

டம்ளரை மோந்தவள்
"என்னடி இது, ஆஸ்பத்திரி நாத்தம்" என்றாள்.
ஆமா என்றேன்.
அவள் மகன் எங்களுக்கு நடுவே கை நீட்டி
பள்ளிக்கூடத்து பாட்டிலை நிரப்பிக்கொண்டான்.

மற்றதை
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.