ஒன்பது நிமிடம்

முதலில் ரத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.
படங்களில் அது எப்போதும் புதிதாகவே இருக்கிறது.
வுப்பர்டாலில் பதினேழு வருஷமாக
ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறேன்.
அரை மணித்தியாலத்தில் அது தேத்தண்ணிச் சாயம்,
மறுநாள் துரு.
சுடுதண்ணி பட்டால் பிடித்துக்கொள்ளும், பிறகு விடாது.
பச்சைத்தண்ணிதான் வேணும்.
ஒரு இயக்குநராவது இதைத்
தன் தாயிடம் கேட்டிருக்கலாம்.

பேய்களில் எனக்குக் குறையில்லை.
ஜெர்மன் குரல் வாங்கிய பேய்கள்
வேற்றுமை பிழைக்காமல் மிரட்டுகின்றன.
நான் இன்னும் மேசை ஆணா பெண்ணா என்று
கன்டீனில் யோசித்து நிற்கிறேன்.
எல்லாப் பிசாசுக்கும் ஒரே கரகரத்த தொண்டை;
பகலில் அதே தொண்டை
சவர்க்காரம் விற்கும்.

ஓடுகிற பிணங்கள் வேண்டாம்.
செத்தவனுக்கு என்ன அவசரம்?
நடந்து வரட்டும்.
நாங்கள் கதவைப் பூட்டி, சாவியைத் தவறவிட்டு,
குனிந்து எடுத்து, அழுதும் முடித்த பிறகு
அவன் வந்துகொண்டே இருக்கட்டும்,
சீட்டுக் காசு கேட்டு வருகிறவரைப் போல.

எல்லாம் கனவு என்று முடிக்கிற படத்துக்கு
டிக்கெட் காசு திருப்பித் தரவேணும்.
பொம்மை கண் சிமிட்டலாம், ஒரு தடவை.
அலுமாரிக்குள்ளிருந்து பூனை பாய்ந்தால்
பூனைக்குச் சம்பளம் குடுத்தார்களா என்றுதான்
எனக்கு ஓடும்.

'பனிச்சாவடி' என்று ஒரு தொடர் இருந்தது.
மலைமேல் சுங்கச்சாவடி. வாரம் ஒருவர் வருவார்.
எல்லாருடைய கடவுச்சீட்டிலும் ஒரே முகம்.
பதினாலாம் பாகத்தில்
அதிகாரி அது தன் முகம் என்று கண்டுபிடிக்கிறார்,
முத்திரையைத் தூக்குகிறார்,
அத்தோடு தொடரை நிறுத்திவிட்டார்கள்.
இருபத்திரண்டு வருஷம்.
கை இன்னும் மேலேதான் நிற்கிறது.
குகநேசன் சொல்லுவார்:
"காசில்லாமல் நிப்பாட்டினவங்கள்,
நீ அதிலை என்னத்தைத் தேடுறாய்?"
அவருக்குப் பாட்டுப் போட்டி பார்த்தால் போதும்.
அதில் நடுவர்கள் அழும்போது
எனக்கு மெய்யாகவே பயம் வரும்.

பிறகு, 'கண்ணாடிக்காரன் மகள்.'
அகதி விடுதியில், நடுச்சாமம்,
ஒரு பெட்டிக்கு முன்னால் ஆறு பேர்.
ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை.
அவள் கத்தியோடு படியேறுகிறாள்.
கதவு சாத்துகிறது.
அடுத்த கணம் விடியல்,
அவள் முற்றத்தில் நின்று
கையை ஆறுதலாகக் கழுவுகிறாள்.
அவ்வளவுதான்.
அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன என்று
முப்பது வருஷம் துணி மடித்துக்கொண்டே
நானே எடுத்துப் பார்த்தேன்,
ஒவ்வொரு முறையும் வேறுமாதிரி.

போன மாசம் ஹார்ட்மூட்,
எங்கள் பொதிவண்டிக்காரர், என்னைப்போல பைத்தியம்,
சொன்னார்: "டிவிக்காக ஒன்பது நிமிடம் வெட்டியிருந்தார்கள்.
சனிக்கிழமை முழுப்படம் காட்டுகிறார்கள்."

எல்பர்ஃபெல்டில் சின்ன அரங்கு, முப்பத்தொரு கதிரை.
கதவு திறந்தது.
உள்ளே ஒரு றப்பர் கை.
தக்காளி நிறத்தில் ஒரு வாளி.
ஒன்பது நிமிடமும் ஒரே கத்தல்.
ஹார்ட்மூட் கைதட்டினார்.
நான் படுக்கை விரிப்பைப் பார்த்தேன்:
ஒரு அலசலில் போய்விடும்.

தொங்கு ரயிலில், வுப்பர் ஆற்றுக்கு மேலே ஆடி ஆடி
"ஒருவழியாக முழுசாகப் பார்த்துவிட்டோம்" என்றார்.
நான் அந்தக் கத்தரிக்கோல்காரரை நினைத்தேன்.
பெயர் தெரியாத ஒரு அரச ஊழியர்.
அவர்தான் அந்தப் படத்தை எடுத்தவர்.

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி தாண்டினால்
படிக்கட்டு விளக்கு தானாக அணையும்.
அணைந்தது.
பொத்தானைத் தேடாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.
மேலே, எங்கள் கதவுக்குப் பின்னால்,
ஒரு நடுவர் அழத் தொடங்கினார்.